கணக்கு, கணிதம், எண்: ஒரு துறையின் மூன்று பெயர்கள்

"கணக்கு" என்ற ஒரே சொல்லை நாம் எத்தனை வேலைக்குப் பயன்படுத்துகிறோம்! "எனக்குக் கணக்கு வராது" என்றால் அது ஒரு பாடம். "மூன்றாவது கணக்கைப் போட்டுவிட்டேன்" என்றால் ஒரு வினா. "கணக்கைத் தீர்த்துக்கொள்வோம்" என்றால் கொடுக்கல் வாங்கல். "என் கணக்குப்படி அவர் நாளை வருவார்" என்றால் ஊகம். இப்படிப் பல இடத்தில் உழைக்கும் சொல்லைத்தான், மிகக் கறாரான ஓர் அறிவுத்துறைக்கும் பெயராகச் சொல்கிறோம். பக்கத்திலேயே "கணிதம்" நிற்கிறது. அப்புறம் குறளில் வரும் "எண்". மேத்தமேட்டிக்ஸ் என்பதற்கு இவற்றில் எது சரியான தமிழ்?

அதற்கு விடை சொல்லும் முன் மேத்தமேட்டிக்ஸ் என்ற சொல்லே என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். அந்தச் சொல்லுக்குள் எண்ணும் இல்லை, அளவும் இல்லை. கிரேக்கத்தில் "மாதேமா" என்றால் கற்கப்பட்டது, பாடம். கற்றல் என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. பழங்கிரேக்கக் கணித அறிஞர் பித்தாகரசின் வழிவந்தவர்களில் இரு பிரிவினர் இருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. ஆசான் சொன்னதைக் கேட்டு அப்படியே பின்பற்றியவர்கள் ஒரு பிரிவு. காரணத்தோடு கற்றவர்கள் இன்னொரு பிரிவு. இரண்டாம் பிரிவினருக்குத்தான் "மாத்தமத்திகோய்" என்று பெயர். அந்த மரபில் எண், வடிவம், இசை, வானியல் நான்கும் சேர்ந்தே பாடமாக இருந்தன. பொதுவாகக் கல்வி என்று பொருள்பட்ட சொல், காலப்போக்கில் இந்த ஒரு வகைக் கல்விக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது.

சுருங்கியதோடு நிற்கவில்லை, கொஞ்ச காலம் தடமும் மாறியது. ரோமானியர்கள் இலத்தீனில் "மாத்தமாத்திகுஸ்" என்று சொன்னால் பெரும்பாலும் சோதிடரைத்தான் குறித்தார்கள். அகஸ்டின் போன்ற கிறித்தவ அறிஞர்கள் "மாத்தமாத்திகி"களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னதும் சோதிடர்களை மனத்தில் வைத்துத்தான். அதை மறந்துவிட்டு, அவர்கள் கணிதத்தையே வெறுத்தார்கள் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். தமிழிலும் இதே பிணைப்பு உண்டு. கணியன் பூங்குன்றனார் பெயரில் உள்ள "கணியன்" என்பதற்குக் கோள்நிலை கணிப்பவர் என்று பொருள் சொல்வது வழக்கம். கோள்களின் போக்கைக் கணிக்க வேண்டுமென்றால் கணக்கு வேண்டும். எனவே இரண்டு மொழிகளிலும் ஒரே தொழிலாளிக்கு இரண்டு முகங்கள் இருந்தன.

வேறு மொழிகள் இந்தத் துறையை வேறு வாசல் வழியாகப் பார்த்தன. அரபியில் "ரியாளிய்யாத்". அதன் வேர் பயிற்சி, பழக்குதல் என்ற பொருள் தருவது. விளையாட்டுக்கான அரபிச் சொல்லும் அதே வேரிலிருந்து வருகிறது. டச்சு மொழியில் "விஸ்குண்டே", அதாவது உறுதியானதைப் பற்றிய அறிவு. கணித அறிஞர் சீமோன் ஸ்டெவின் (1548–1620) தம் மொழி மக்கள் தம் மொழியிலேயே அறிவியல் படிக்க வேண்டும் என்று விரும்பி உருவாக்கிப் பரப்பிய சொற்களின் வழியில் வந்தது அது. ஐரோப்பிய மொழிகள் பலவும் கிரேக்கச் சொல்லையே கடன் வாங்கிக்கொண்டபோது, டச்சுக்காரர்கள் சொந்தச் சொல்லில் நின்றார்கள். கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபடும் எவருக்கும் ஸ்டெவின் ஒரு தெம்பு.

சரி, நம் பக்கம் வருவோம்.

"கணிதம்" வடமொழி வழியாக வந்த சொல். "கண்" என்னும் வினைவேருக்கு எண்ணுதல் என்று பொருள். "கணித" என்றால் எண்ணப்பட்டது. ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய நூலில் ஒரு பகுதிக்கே கணிதபாதம் என்று பெயர். அந்த வேருக்கும் "கணம்" (கூட்டம், குழு) என்ற சொல்லுக்கும் உறவு உண்டு. சிதறிக் கிடப்பதை ஒரு கூட்டமாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் எண்ணுவதன் முதல் படி என்று நினைத்தால் இந்த உறவு இயல்பாகவே படுகிறது.

"கணக்கு" எங்கிருந்து வந்தது? இதில் கருத்து வேறுபாடு உண்டு. அதுவும் வடமொழி வேரிலிருந்து வந்ததே என்பார் ஒரு சாரார். கூடுதல், திரள்தல் என்ற பொருளுள்ள தமிழ் வேரிலிருந்து கண், கணம், கணக்கு, கணி என்று இங்கேயே வளர்ந்தது என்பார் தனித்தமிழ் அறிஞர்கள். இந்த வழக்கை இங்கே தீர்த்துவிட நான் முயலவில்லை. வேர் எந்தப் பக்கத்தது ஆனாலும், "கணக்கு" தமிழில் பெற்ற வாழ்க்கை வேறு எங்கும் அதற்குக் கிடைக்கவில்லை. என்னை மிகவும் ஈர்ப்பது அந்த வாழ்க்கைதான்.

பதினெண்கீழ்க்கணக்கு என்கிறோமே, அதில் எந்தக் கூட்டல் கழித்தலும் இல்லை. திருக்குறளும் நாலடியாரும் அடங்கிய பதினெட்டு நூல்களின் தொகுதி அது. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சேர்ந்து மேல்கணக்கு. அங்கே கணக்கு என்றால் நூல். "கணக்காயர்" என்றால் கணக்கெழுதுபவர் என்று இன்று தோன்றலாம், ஆனால் பழந்தமிழில் அவர் ஆசிரியர். "கணக்காயர் இல்லாத ஊரும்" என்று திரிகடுகம் குறை சொல்வது, கற்பிக்க ஆளில்லாத ஊரைத்தான். சங்கப் புலவர் நக்கீரரின் தந்தையும் மதுரைக் கணக்காயனார் என்றே அறியப்படுகிறார். ஆக, கிரேக்கத்தில் பொதுக் கல்வியைக் குறித்த சொல் கணிதத்துக்கு வந்து சேர்ந்தது. தமிழில் கணக்கைக் குறிக்கும் சொல் நூல், கல்வி, ஆசிரியர் வரைக்கும் விரிந்து நின்றது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் கல்வியையும் கணக்கையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டிருக்கின்றன. "கணக்கு என்றால் வெறும் வரவு செலவு" என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது சொல் எண். "எண்ணென்ப ஏனை எழுத்தென்ப இவ்விரண்டும் கண்ணென்ப வாழும் உயிர்க்கு" என்ற குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர், எண் என்பது கணிதம் என்றே பொருள் சொல்கிறார். அது கருவி, செய்கை என இருவகைப்படும் என்றும், அவற்றை ஏரம்பம் முதலிய நூல்களில் காணலாம் என்றும் சேர்க்கிறார். அந்த ஏரம்பம் இன்று நம் கையில் இல்லை. அந்தப் பெயரைப் படிக்கும் போதெல்லாம் மனம் கனக்கிறது. ஒரு கணித நூலைப் பெயர் சொன்னாலே படிப்பவருக்குப் புரியும் என்று உரையாசிரியர் நம்பிய காலம் ஒன்று இருந்திருக்கிறது. இன்னொன்றையும் இதில் கவனிக்கலாம். எண் என்பதை விளக்கக் கணிதம் என்று எழுதினால் போதும் என்ற அளவுக்கு, கணிதம் அப்போதே தமிழ்ச் சொல்லாகப் புழங்கியிருக்கிறது.

எண்ணுதல் என்ற வினைக்கு இரண்டு பொருள்: ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, மனத்தால் சிந்திப்பது. "எண்ணித் துணிக கருமம்" என்பதில் வருவது இரண்டாவது. எண்ணிக்கையும் எண்ணமும் ஒரே வேரில் கிளைத்தவை. கணிதம் எது என்ற கேள்விக்கு இந்த இரட்டைப் பொருளே நல்ல தொடக்கம், ஏனென்றால் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணத்தில் முடியும் துறை அது.

வட்டத்தின் பரப்பைக் காணப் பழந்தமிழில் ஒரு வாய்பாடு உண்டு: "விட்டத்தரை கொண்டு வட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி." விட்டத்தில் பாதியை எடு, சுற்றளவில் பாதியை எடு, இரண்டையும் பெருக்கு, பரப்பு வந்துவிடும். முற்றிலும் சரியான விதி. இதை வைத்துக்கொண்டு எந்த வட்டத்தையும் அளந்துவிடலாம். இந்த இடம் வரைக்கும் இது கணக்கு. "ஏன் அப்படி வருகிறது?" என்று கேட்ட நொடியில் வேறொன்று தொடங்குகிறது. வட்டத்தை மையத்திலிருந்து மெல்லிய துண்டுகளாக வெட்டி, தலைகீழும் நேருமாக மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். துண்டுகள் மெலிய மெலிய அந்த அடுக்கு ஒரு செவ்வகத்தை நெருங்கும். அதன் உயரம் விட்டத்தில் பாதி. நீளம் சுற்றளவில் பாதி. விதி எங்கிருந்து வந்தது என்று இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. இந்த "நெருங்கும்" என்பதற்குள் ஒளிந்திருக்கும் இடைவெளியையும் விடாமல் அடைத்து, ஐயமற நிறுவிக் காட்டியவர் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ். விடை மாறவில்லை. விடையின் மீது நமக்குள்ள உரிமை மாறிவிட்டது.

எண்ணும் அளவுமே பெரிதாகத் தேவைப்படாத கணிதமும் உண்டு. கோனிக்ஸ்பெர்க் நகரில் ஆற்றின் மேல் ஏழு பாலங்கள். ஒவ்வொன்றையும் சரியாக ஒரே முறை கடந்து உலா வர முடியுமா என்பது கேள்வி. 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதை எடுத்துக்கொண்டபோது பாலத்தின் நீளமோ ஆற்றின் அகலமோ அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு நிலத்துக்குள் போனால் வெளியே வர வேண்டும். எனவே தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தவிர மற்ற நிலங்களில் பாலங்கள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். அங்கே நான்கு நிலப்பகுதிகள், ஒன்றில் 5 பாலங்கள், மற்ற மூன்றிலும் மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை. ஆகவே முடியாது. எத்தனை பேர் எத்தனை ஆண்டு நடந்து பார்த்தாலும் முடியாது! நடந்து பார்க்காமலே இதைச் சொல்ல முடிகிறதே, அந்த வலிமைக்குத்தான் கணிதம் என்று பெயர்.

அளவைப் பற்றிய அறிவு என்ற பழைய வரையறை இதனால்தான் போதாமல் போனது. 19-ஆம் நூற்றாண்டில் லோபசெவ்ஸ்கி, போயோய் என்ற கணித அறிஞர்கள், ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் உண்டு என்ற யூக்ளிடின் விதி செல்லாத வடிவியலைக் கட்டிக் காட்டினார்கள். சமன்பாடுகளின் தீர்வுகளை ஒன்றுக்கொன்று மாற்றினால் என்ன ஆகும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் கால்வா ஆராய்ந்தார். இவையெல்லாம் அளவுக்குள் அடங்கவில்லை. 1870-இல் அமெரிக்கக் கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸ், தவிர்க்கவே முடியாத முடிவுகளை வருவிக்கும் அறிவியலே கணிதம் என்று வரையறுத்தார். எதைப் பற்றியது என்பதை விட்டுவிட்டு எப்படிச் சிந்திக்கிறது என்பதைப் பிடித்த வரையறை அது. அமைப்புகளைப் பற்றிய படிப்பு என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் பியர்ஸ் சொன்னதே நெருக்கமாகப் படுகிறது.

இனி முதல் கேள்வி. துறைக்குப் பெயர் கணிதம் என்றே இருக்கட்டும் என்பது என் கருத்து. "எண்ணியல்" அழகான சொல்தான், ஆனால் அது எண்களைப் பற்றிய கிளைக்கே பொருந்தும். ஆய்லரின் பாலங்களை அதற்குள் அடைக்க முடியாது. "கணக்கியல்" ஏற்கெனவே வரவு செலவுப் படிப்புக்குப் போய்விட்டது. "கணிப்பு" என்றால் இன்று முன்கூட்டிச் சொல்வது. "கணிதவியல்" தவறில்லை, ஆனால் கணிதம் என்பதே துறையின் பெயராக இருக்கும்போது "இயல்" கூடுதல் சுமை. "கணக்கு" என்பதை ஒவ்வொரு வினாவுக்கும், தொடக்க வகுப்புப் பாடத்துக்கும், பேச்சுக்கும் வைத்துக்கொள்ளலாம். அதைப் பாமரச் சொல் என்று தாழ்த்த வேண்டியதே இல்லை. கணிதத்தைக் கடன் சொல் என்று விரட்டவும் தேவையில்லை, குறள் உரையிலேயே குடியேறிவிட்ட சொல் அது.

ஆனால் கணிதம் என்ற பெயர் எண்ணுவதை மட்டுமே சொல்கிறது, "ஏன்" என்ற பாதியைச் சொல்லவில்லை. அந்தப் பாதியைத் தமிழில் தாங்குவது வேறொரு சொல்: தேற்றம். கிரேக்கத்தில் "தியோரேமா" என்றால் உற்றுப் பார்க்கப்பட்டது. தமிழில் தேற்றம் என்றால் தெளிவு, உறுதி. ஐயம் தீர்ந்து மனம் தேறுவது. ஸ்டெவின் தம் மொழியில் முழுத் துறைக்கும் வைத்த "உறுதி" என்ற பொருள், நம்மிடம் நிறுவப்பட்ட ஒவ்வொரு உண்மைக்கும் பெயராக நிற்கிறது. அதன் பழைய வீடு இலக்கணம். ஏ என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் ஐந்து பொருள்களை அடுக்குகிறது ஒரு நூற்பா: "தேற்றம் வினாவே பிரிநிலை எண்ணே ஈற்றசை இவ்வைந்து ஏகாரம்மே." அந்த முதல் அடியிலேயே தேற்றம், வினா, எண் மூன்றும் இருக்கின்றன.