வாழைக்கிழங்கின் உறங்கும் மொட்டுகளை எழுப்புவது எப்படி?

பூவன், ரஸ்தாளி, நேந்திரன், ஜி-9 என்று நாம் பயிரிடும் வாழைகளில் பெரும்பாலானவை மூன்று தொகுதிக் குரோமோசோம்களைக் கொண்டவை. இதனால் இவற்றில் விதை சரியாக உருவாவதில்லை; காய்களும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பருத்துவிடுவதால் பழத்தில் முளைக்கும் விதை இருப்பதில்லை. எனவே புதிய வாழை, பழைய வாழையின் கிழங்கிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்தக் கன்றுகளோ ஒவ்வொன்றாக, நீண்ட இடைவெளிகளில் வெளிவருகின்றன. நேந்திரன் போன்ற ரகங்களில் இன்னும் குறைவு. ஓர் ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேல் கன்று தேவைப்படும் விவசாயிக்கு இந்த வேகம் போதாது.

வாழையில் நாம் மரம் என்று சொல்வது இலையடிகள் ஒன்றையொன்று சுற்றி உருவான பொய்த்தண்டு. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். அதன் மேற்புறத்தின் நடுவில் வளர்நுனியும், அதைச் சுற்றி இலையடிகளை ஒட்டிப் பல பக்க மொட்டுகளும் இருக்கின்றன. வளர்நுனியும் இளம் இலைகளும் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து கீழ்நோக்கி அனுப்புகின்றன. அந்த ஆக்சின் மொட்டுக்குள் நுழைந்து அதைத் தடுப்பதில்லை. தண்டின் வழியே இறங்கும்போது, மொட்டுகளை எழுப்பக்கூடிய சைட்டோகைனின் என்ற மற்றொரு ஹார்மோன் அங்கே உருவாவதைக் குறைத்துவிடுகிறது. இதையே நுனி ஆதிக்கம் என்கிறோம். மொட்டுகள் உயிரோடுதான் இருக்கின்றன; எழுவதற்கான குறிப்பு அவற்றை எட்டுவதில்லை.

சைட்டோகைனின் கண்டறியப்பட்ட விதம் தாவரவியல் வரலாற்றின் அருமையான பக்கங்களுள் ஒன்று. 1950-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கே ஸ்கூக், கார்லோஸ் மில்லர் ஆகியோர் புகையிலைத் தண்டுத் திசுவின் செல்களைப் பிரிந்து பெருகச் செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தனர். ஆய்வகத்தில் நெடுநாள் கிடந்த ஒரு புட்டியிலிருந்த ஹெர்ரிங் மீனின் விந்தணு டி.என்.ஏ. வியக்கத்தக்க பலன் தந்தது. ஆனால் புதிதாக வாங்கிய டி.என்.ஏ. எந்தப் பலனும் தரவில்லை. புதியதை உயரழுத்த நீராவியில் வேகவைத்தபோது அதற்கும் அந்த ஆற்றல் வந்தது. டி.என்.ஏ. சிதைந்து உருவாகியிருந்த அந்தப் பொருளுக்கு, சைட்டோகைனின் வகையைச் சேர்ந்த அதற்கு, 1955-இல் கைனெட்டின் என்று பெயரிட்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் காட்டிய உண்மை தாவரத்தின் சிறு துண்டை ஆய்வகத்தில் வளர்த்துக் கன்றாக்கும் திசு வளர்ப்புக் கூடங்களுக்கு இன்றும் அடிப்படையாக இருக்கிறது: ஆக்சினை விடச் சைட்டோகைனின் மிகுந்தால் தளிர் வரும், ஆக்சின் மிகுந்தால் வேர் வரும்.

வாழையின் திசு வளர்ப்பு இந்த விகிதத்தை மாற்றி மாற்றிக் கையாள்வதுதான். வளர்நுனியை எடுத்து, பென்சைல் அமினோ பியூரின் என்ற செயற்கைச் சைட்டோகைனின் லிட்டருக்குச் சில மில்லிகிராம் கலந்த ஊடகத்தில் (சத்துக் கலவையில்) வைத்தால் தளிர்கள் கொத்தாகப் பெருகும். அவற்றைப் பிரித்து, இண்டோல் பியூட்ரிக் அமிலம் போன்ற ஆக்சின் உள்ள ஊடகத்துக்கு மாற்றினால் வேர் விடும். பெருக்கும் சுழற்சிகளை அளவுக்கு மீறி நீட்டினாலும் ஹார்மோனை மிகையாகக் கொடுத்தாலும், குட்டையான அல்லது இலை திரிந்த மாறுபட்ட கன்றுகள் கூடிவிடும்.

ஆய்வகம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. என் பார்வையில் சிறு விவசாயிகளுக்கு இதுவே அதிகம் பயன்படக்கூடியது. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பரப்பிவரும் முறைப்படி, ஈட்டிக்கன்றின் (ஈட்டி போன்ற குறுகிய இலைகளுள்ள பக்கக்கன்றின்) கிழங்கை வேர் நீக்கிச் சுத்தம் செய்து, பொய்த்தண்டைக் கிழங்கின் மட்டத்தில் அறுத்து, நடுவிலுள்ள வளர்நுனியைக் குடைந்து எடுத்துவிட வேண்டும். அறுத்த பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகச் சில கீறல்கள் இட்டு, குடைந்த குழியில் 0.04 சதவீத பென்சைல் அமினோ பியூரின் கரைசலை 4 மில்லி ஊற்றுவார்கள். அதில் உள்ள மருந்து 1.6 மில்லிகிராம் மட்டுமே என்பதை எண்ணிப் பார்த்தால், தாவரம் இத்தகைய குறிப்புகளை எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்பது புரியும். பென்சைல் அமினோ பியூரின் பொடி வெறும் நீரில் எளிதில் கரையாது. சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முதலில் கரைத்துக்கொண்டு பிறகு நீர் சேர்க்க வேண்டும். பின்னர் கிழங்கை ஈரமான மரத்தூளில் புதைத்து நிழலில் வைத்தால், ஏறத்தாழ மூன்று வாரங்களில் முதல் மொட்டுகள் எழும். அவற்றின் நுனியையும் அதேபோல் நீக்கினால் இரண்டாம் அடுக்கு மொட்டுகள் வரும். இப்படிச் சில மாதங்களில் ஒரே கிழங்கிலிருந்து பல கன்றுகள் கிடைக்கும்.

ஆப்பிரிக்காவின் கேமரூனில் உருவான இதேபோன்ற முறையில் ஹார்மோனே சேர்ப்பதில்லை. நுனியைச் சிதைத்து, ஈரப்பதம் மிகுந்த கூடாரத்தில் கிழங்கை வைப்பதோடு சரி. ஆக்சினின் ஊற்றை அகற்றுவதே முதன்மையான வேலை என்பதும், வெளியிலிருந்து தரும் சைட்டோகைனின் அதற்கு வலுச் சேர்ப்பது என்பதும் இதிலிருந்து தெளிவாகின்றன.

ஹார்மோன் எதையும் புதிதாகப் படைப்பதில்லை என்பதால், கிழங்கில் உள்ள குறையும் கன்றுகளோடு சேர்ந்தே பெருகும். முடிக்கொத்து நோய் வைரஸ் தாயில் இருந்தால் அதிலிருந்து வரும் கன்றுகளுக்கும் அது பரவிவிடும். பழனி மலையின் விருப்பாச்சி வாழையைப் பெரிதும் அழித்தது இந்த நோய்தான். திசு வளர்ப்பாலும் இந்த வைரஸ் தானாக நீங்கிவிடாது; தாயைப் பரிசோதித்த பிறகே நுனியை எடுக்க வேண்டும். ஆகவே கத்தியை எடுக்கும் முன் தாய்வாழையின் இலைக்காம்பைத் திருப்பிப் பாருங்கள்: கரும்பச்சைக் கோடுகள் விட்டு விட்டுத் தெரிந்தாலோ, புதிய இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் நெருங்கி நின்றாலோ, அந்தக் கிழங்கைப் பெருக்காமல் வேரோடு அகற்றி அழித்துவிட வேண்டும்.