பெர்ல் சுட்டெண்

கருத்தடை மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளை எத்தனை பேர் முழுசாகப் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. எட்டாக மடித்த தாள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. என் தங்கை படிப்பாள். போன மாதம் அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கேட்டாள்: “அக்கா, ‘முத்து குறியீடு 0.3’னு போட்டிருக்கே, இதுல முத்து எங்க இருந்து வந்துச்சு?”

மொழிபெயர்த்தவர் ஓர் ஆளின் பெயரையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டார். அதுதான் நடந்தது. ஆங்கிலத்தில் இது ‘பெர்ல் இண்டெக்ஸ்’. பெர்ல் என்றால் முத்துதான், ஆனால் இங்கே அது ரேமண்ட் பெர்ல் என்பவரின் பெயர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த உயிரியலாளர். எதையும் எண்ணிப் பார்த்து முடிவு சொல்கிறவர். புகையிலை ஆயுளைக் குறைக்கிறது என்று 1938-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவரும் இவர்தான். கருத்தடை முறைகளில் எது எந்த அளவுக்குக் காக்கிறது என்று ஒப்பிட, 1930-களின் தொடக்கத்தில் அவர் ஒரு கணக்கு சொன்னார். அதற்கு அவர் பெயரே நின்றுவிட்டது. ராமன் விளைவை நாம் யாரும் மொழிபெயர்ப்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

சரி, ‘இண்டெக்ஸ்’ என்பதைக் குறியீடு என்று சொல்லலாமா? குறியீடு என்றால் அடையாளம், சங்கேதம். ஒன்றை அளந்து சொல்லும் எண்ணுக்குத் தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்களில் குறியீட்டெண் என்ற சொல் இருக்கிறது. ஆனால் அஞ்சல் குறியீட்டு எண்ணும் நம் காதில் அதே மாதிரிதான் விழுகிறது. இலங்கையில் ‘நுகர்வோர் விலைச் சுட்டெண்’ என்று எழுதுகிறார்கள். இண்டெக்ஸ் என்பது லத்தீனில் சுட்டுவிரல், சுட்டிக்காட்டுவது. சுட்டெண் என்ற சொல் அந்த வேரையும் தொடுகிறது, வாயிலும் எளிதாக வருகிறது. என்னைக் கேட்டால், பெர்ல் சுட்டெண் என்பதே பொருத்தம்.

இனி கணக்கு. நடவு வேலையை ஆள் கணக்கில் சொல்வோமே, நாலு ஆள் மூன்று நாள் நட்டால் பன்னிரண்டு ஆள் வேலை என்று. அதே வழிதான். ஒரு பெண் ஒரு முறையை ஓராண்டு கைக்கொண்டால் அது ஒரு பெண்-ஆண்டு. நூறு பெண்-ஆண்டுகளில் எத்தனை பேருக்குக் கரு தங்கியது என்பதே பெர்ல் சுட்டெண். 200 பெண்கள் ஓராண்டு மாத்திரை எடுத்தார்கள், மொத்தம் 2,400 மாதங்கள். அதில் 6 பேர் கருவுற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறை 1,200-ஆல் பெருக்கி 2,400-ஆல் வகுத்தால் 3. எண் சிறியதாக இருந்தால் காப்பு அதிகம். திறனைச் சொல்லும் எண் பெரிதாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்துத் தலைகீழாகப் படிப்பவர்கள் உண்டு. இது காப்பு தவறியதை எண்ணுகிற கணக்கு.

இதைச் சதவீதம் என்று எழுதுவது அடிக்கடி பார்க்கும் பிழை. நூறு பெண்களும் முதல் மாதத்திலேயே கருவுற்றார்கள் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கருத்தரிப்பு, நூறு மாதம். சுட்டெண் 1,200 வரும். 1,200 சதவீதம் என்று ஒன்று இருக்க முடியுமா? ஆகவே ‘நூறு பெண்-ஆண்டுகளுக்கு இத்தனை’ என்று எழுதுவதே சரி.

இந்தக் கணக்கில் ஒரு கோளாறும் உண்டு. நூறு பெண்கள் ஓராண்டும் நூறு பெண்-ஆண்டுதான், பத்துப் பெண்கள் பத்தாண்டும் நூறு பெண்-ஆண்டுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மாத்திரையை மறந்துபோகிறவர்களும், சீக்கிரம் கரு தங்கும் உடல்வாகு உள்ளவர்களும் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே கருவுற்று ஆய்விலிருந்து விலகிவிடுவார்கள். மிஞ்சுவது கவனமானவர்களும் எளிதில் கருத்தரிக்காதவர்களும். ஆய்வை இழுத்துக்கொண்டே போனால், மருந்து மாறாமலே சுட்டெண் இறங்கும். அதனால்தான் 1960-களிலிருந்து ஆய்வாளர்கள் ஆயுள் காப்பீட்டில் பயன்படும் வாழ்நாள் அட்டவணை முறைக்கும் போனார்கள். முதல் ஆண்டில் நூற்றுக்கு எத்தனை பேர் கருவுறுகிறார்கள் என்று மாதவாரியாகப் பார்ப்பது அது. இன்று மருத்துவர்கள் காட்டும் ஒப்பீட்டு அட்டவணைகளில் பெரும்பாலும் இந்த எண்தான் இருக்கிறது. அது சதவீதம்தான்.

அந்த அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றைப் ‘பிசகில்லாத பயன்பாடு’ என்றும் மற்றதை ‘நடைமுறைப் பயன்பாடு’ என்றும் சொல்லலாம். முதலாவதைச் சிலர் ‘சரியான பயன்பாடு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாள் மாத்திரை மறந்தவள் ஏதோ தப்பு செய்தவள் என்பது போல அது ஒலிக்கிறது.

மாத்திரைக்குப் பிசகில்லாத பயன்பாட்டில் 0.3, நடைமுறையில் 7. ஆணுறைக்கு 2, நடைமுறையில் 13. எதுவுமே பயன்படுத்தாவிட்டால் நூற்றுக்கு 85 பேர் ஓராண்டுக்குள் கருவுறுவார்கள். காப்பர்-டிக்கு மட்டும் 0.6, 0.8 என்று இரண்டும் ஒட்டியே நிற்கின்றன. ஒருமுறை வைத்துவிட்டால் அப்புறம் யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அதுதான் காரணம். மாத்திரை கதை வேறு. இரவு அடுப்படியை ஒழித்து, பிள்ளையைத் தூங்கவைத்து, அதற்கு மேல் ஒரு மாத்திரையை நினைவு வைக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் மருந்து உடம்பில் முழுதாகச் சேராது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். 0.3-க்கும் 7-க்கும் இடையில் இருப்பது இத்தனையும்தான்.

‘ஃபெய்லியர் ரேட்’ என்பதற்குத் ‘தோல்வி விகிதம்’ என்று போடுவதையும் விட்டுவிடலாம். ‘தவறும் விகிதம்’ என்றால் தவறுவது முறை என்று புரியும். தோற்றவள் பெண் என்று ஆகாது. ஒரு சொல்லைக் கேட்டு ஒருத்தி கூனிக் குறுகிவிட்டால், ஆஸ்பத்திரியில் ‘ரெண்டு நாள் மாத்திரை போடலை’ என்று உண்மையைச் சொல்ல மாட்டாள். கர்ப்பத்தடை என்று பெரியார் எழுதியபோது அவர் பேசியது பெண்ணின் விடுதலையை. இன்று கருத்தடை என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதையொட்டி நாம் உண்டாக்கும் சொற்களும் பெண்ணின் பக்கம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தங்கைக்கு அந்த வரியை இப்படி மாற்றி எழுதி அனுப்பினேன்: ‘இந்த வகை மாத்திரையை ஒரு நாளும் விடாமல் எடுத்தால், ஓராண்டில் ஆயிரம் பெண்களில் சுமார் 3 பேருக்குக் கரு தங்கலாம். இடையில் மறதியும் நேரும் அன்றாட வாழ்க்கையில், நூறு பெண்களில் சுமார் 7 பேருக்குத் தங்கலாம்.’

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். “பொம்பளைங்களுக்குப் பண்ற ஆபரேஷனுக்கு எவ்வளவுக்கா?”

“0.5.”

“ஆம்பளைங்களுக்கு?”

“0.15. ஆனா பண்ணின உடனே பலிக்காது. மூணு மாசம் வேற முறையும் சேர்த்து இருக்கணும், அப்புறம் விந்துப் பரிசோதனை பார்த்துக்கணும்.”

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம். அதையும் சொன்னேன்.

“ரெண்டையும் ஒரே தாளில எழுதிப் படமா அனுப்புக்கா,” என்றாள். “அவர்கிட்ட காட்டணும்.”