ஸ்ட்ரேஃப்: கண் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

சுடும் வீடியோ விளையாட்டுகள் பலவற்றில் கன்ட்ரோல்ஸ் பக்கத்தைத் திறந்தால் ‘ஸ்ட்ரேஃப் லெஃப்ட்’, ‘ஸ்ட்ரேஃப் ரைட்’ என்று இரண்டு வரி இருக்கும். முகத்தைத் திருப்பாமல் இடமோ வலமோ நகர்வதுதான் ஸ்ட்ரேஃப். எதிரி மேல் வைத்த குறி விலகாமல் நண்டு போலப் பக்கவாட்டில் போவது. ஆங்கில அகராதியில் தேடினால் ‘தாழப் பறந்து சுடுதல்’ என்றுதான் முதலில் வரும். அதை நம்பி ‘இடப்பக்கம் சுடு’ என்று தமிழாக்கினால், பட்டனை அழுத்துபவர் குண்டு பாயும் என்று காத்திருப்பார்.

சொல்லின் வேர் ஜெர்மன். ‘ஷ்ட்ராஃபென்’ என்றால் தண்டித்தல். முதல் உலகப்போர் தொடங்கியபோது ‘கடவுள் இங்கிலாந்தைத் தண்டிக்கட்டும்’ என்ற முழக்கம் ஜெர்மனியெங்கும் ஒலித்தது. எதிரே பதுங்குகுழியில் கிடந்த பிரிட்டிஷ் வீரர்கள் அந்தச் சொல்லைக் கேலியாகப் பிடித்துக்கொண்டு, தங்கள்மேல் விழும் பீரங்கித் தாக்குதலையே அப்படி அழைத்தார்கள். பிறகு அது விமானம் தாழப் பறந்து தரையைச் சுடுவதற்குப் பெயராக நிலைத்தது. விமானம் நகர்ந்துகொண்டே சுடும். விளையாட்டில் சுடுதல் உதிர்ந்து, நகர்வு மட்டும் நின்றுவிட்டது.

1992-இல் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி விளையாட்டில் அம்புக்குறிகள் உடலைத் திருப்பும். ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அதே அம்புக்குறிகள் பக்கவாட்டில் நகர்த்தும். ஆனால் ஆல்ட்டை விடும்வரை திரும்ப முடியாது. அடுத்த ஆண்டு வந்த டூம், கமா விசையையும் புள்ளி விசையையும் பக்க நகர்வுக்கென்றே தந்தது. திரும்புவதும் நகர்வதும் தனித்தனி வேலை ஆயின. கட்டுப்பாட்டு முறையில் அதன்பின் வந்த மாற்றங்களில் பெரும்பாலானவை இந்தப் பிரிவை விரலுக்கு இன்னும் எளிதாக்கியவைதான்.

டூமில் இதன் பலன் கண்ணெதிரே தெரியும். இம்ப் என்ற அரக்கன் எறியும் தீப்பந்து, எறிந்த கணத்தில் நாம் நின்ற இடத்துக்குத்தான் வரும். போகப்போகும் இடத்தைக் கணிக்காது. ஓரெட்டுப் பக்கம் நகர்ந்தால் தோளோரம் தாண்டிப் போய்விடும். இன்னொரு கணக்கும் உண்டு. ஓடும்போது முன்னோக்கிய உந்துதல் 50, பக்கவாட்டில் 40. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நிரல் எதையும் குறைக்காமல் இரண்டையும் கொடுத்துவிடும். சாய்வாக ஓடும்போது உந்துதல் 64, அதாவது 28 சதவீதம் கூடுதல். டூமை வேகமாக முடிக்கப் போட்டியிடுவோர் பெரும்பாலும் சாய்ந்தே ஓடுவது இதனால்தான்.

க்வேக் விளையாட்டின் காலத்தில் திரும்பும் வேலை முழுவதும் மவுஸுக்குப் போனது. இடக்கை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் தங்கியது. ஏ, டி இரண்டும் பக்க நகர்வு. 1998-இல் ஹாஃப்-லைஃப் இதையே இயல்பு அமைப்பாகக் கொடுத்தது. கன்சோலில் 1997-இன் கோல்டன்ஐ பக்க நகர்வைக் கன்ட்ரோலரின் மஞ்சள் சி பட்டன்களில் வைத்தது. 2000-இல் ஏலியன் ரிசரக்‌ஷன், நகரக் கன்ட்ரோலரின் இடது குச்சி, பார்க்க வலது குச்சி என்று பிரித்தது. மறு ஆண்டு ஹேலோ அதைப் பரவலாக்கியது. இன்று மொபைலில் பப்ஜி ஆடும்போது இடது கட்டைவிரல் செய்வதும் ஸ்ட்ரேஃப்தான், பேர் தெரியாமலே.

கவுன்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் ‘கவுன்டர்-ஸ்ட்ரேஃப்’ என்றொரு நுட்பம் உண்டு. வலப்பக்கம் ஓடுகிறீர்கள், டி-யை விட்டாலும் உடல் சற்று வழுக்கும், அந்நேரம் சுட்டால் குண்டு சிதறும். டி-யை விட்ட உடனே ஏ-யை ஒரு தட்டு தட்டினால் உடல் சட்டென நிற்கும். அப்போது சுட வேண்டும். தட்டாமல் பிடித்தே இருந்தால் எதிர்ப்பக்கம் ஓட்டம் தொடங்கி மறுபடி சிதறும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

தமிழில் ‘பக்க நகர்வு’ போதும், தெளிவான சொல். பட்டனில் ‘இடம் நகர்’ என்று சுருக்க வேண்டாம், இடத்தை மாற்று என்று படிக்கத் தோன்றும். ‘இடப்பக்கம் நகர்’ என்றே எழுதலாம்.

எதிரியைப் பார்த்தபடியே அவரைச் சுற்றி வரும் ‘சர்க்கிள் ஸ்ட்ரேஃப்’புக்கு நம்மிடம் இதைவிட அழகான சொல் இருக்கிறது: சாரி. பழைய போர் வருணனைகளில் குதிரையும் வீரனும் இடசாரி, வலசாரி திரிவார்கள். இடமாகவும் வலமாகவும் சுற்றிச் சுழல்வது. இடதுசாரி, வலதுசாரி என்று இன்று அரசியலில் வழங்கும் சொற்களை நினைவூட்டும் என்பதால் பட்டன் பெயருக்கு ஆகாது. ஆனால் ‘சாரி சுற்று’ என்றால் குழப்பமில்லை. டி-யைப் பிடித்துக்கொண்டு மவுஸை மெல்ல இடப்பக்கம் இழுங்கள். எதிரி திரையின் நடுவிலேயே நிற்க வேண்டும். அவர் திரையின் வலப்பக்கம் விலகினால் மவுஸ் வேகம் அதிகம், இடப்பக்கம் விலகினால் போதவில்லை.