கிளினிக்கல் டிரயல்: சோதனையா, ஒப்பாய்வா?

இரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது பரிசோதனை. கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பதும் பரிசோதனை. இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று இன்னும் தெரியாத நிலையில், பாதிக் குழந்தைகளுக்கு ஒன்றும் மீதிப் பாதிக்கு மற்றொன்றும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் (ஆங்கிலத்தில் ‘கிளினிக்கல் டிரயல்’) அதே பெயர்தான்: ‘மருத்துவப் பரிசோதனை’. பெற்றோரிடம் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தின் தலைப்பில் இந்தச் சொல் இருந்தால், இரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுபவரும் உண்டு. பிள்ளையை எலியாக்கப் பார்க்கிறார்கள் என்று எழுந்து போய்விடுபவரும் உண்டு. இரண்டு பேரும் சொல்லால்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

‘கிளினிக்கல்’ என்பதன் வேர் கிரேக்க மொழியின் ‘கிளினே’. பொருள், படுக்கை. நோயாளியின் படுக்கையருகே நடக்கும் மருத்துவமே கிளினிக்கல். ஆய்வுக்கூடத்துக் குப்பியிலோ விலங்கிலோ நடப்பது இதில் அடங்காது. தமிழில் ‘கிளினிக்’ என்றால் டாக்டரின் அறை என்றாகிவிட்டதால் இந்தப் பொருள் மறைந்துபோயிற்று.

‘டிரயல்’ பிறந்தது பழைய பிரெஞ்சின் ‘திரியே’ என்ற வினையிலிருந்து: சலித்தெடுப்பது, பொறுக்கிப் பிரிப்பது. நீதிமன்ற விசாரணைக்கும் அதே சொல் வழங்குவது இதனால்தான். உண்மையையும் பொய்யையும் சலித்துப் பிரிக்கும் இடம் அது. நம் ‘சோதனை’யின் வேரும் வெகு தூரத்தில் இல்லை. வடமொழியில் அதற்குத் தூய்மை செய்தல், அழுக்கு நீக்கல் என்று பொருள். ஆனால் இன்றைய தமிழில் அது சாவடியில் வண்டியை நிறுத்துவது, வீட்டில் ரெய்டு நடத்துவது, ‘கடவுள் சோதிக்கிறார்’ என்று நொந்துகொள்வது என எங்கெங்கோ போய்விட்டது. சோதிக்கப்படுபவர் எப்போதும் கீழே நிற்கிறார்.

உள்ளூர்ச் சொல் ஒன்று இதைவிட நன்றாகப் பொருந்துகிறது: ஆய்தல். கீரை ஆய்கிறோம், பழுத்த இலையையும் பூச்சி அரித்ததையும் தள்ளி நல்லதை எடுக்கிறோம். ‘திரியே’ சொன்னதும் அதையேதான். ஆகவே ‘ஆய்வு’ அடிச்சொல்லாக நிற்கட்டும். ‘மருத்துவ ஆய்வு’ என்று மட்டும் சொன்னால் ஆய்வுக்கூட வேலையும் கணக்கெடுப்பும் அதற்குள் வந்துவிடும். ‘மருந்தாய்வு’ என்றால் மருந்து அல்லாதவை வெளியே போய்விடும். குழந்தை மருத்துவத்தில் மருந்து அல்லாதவை ஏராளம். ஆக்சிஜன் எவ்வளவு, நரம்புவழி நீர் எவ்வளவு, தடுப்பூசி எத்தனை தவணை என்பதையெல்லாம் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் இரு குழுக்களை ஒப்பிடும் டிரயலுக்கு ‘மருத்துவ ஒப்பாய்வு’ என்பதே சரியான சொல் என்பது நம் கருத்து. ஒரே குழுவை வைத்து மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் மட்டும் பார்க்கும் தொடக்கக் கட்டத்துக்கு ‘மருந்தாய்வு’ போதும்.

ஒப்பிடாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் குறைமாதக் குழந்தைகளின் கதை சொல்லும்.

1940களில் இன்குபேட்டர்கள் காற்றுப்புகாதபடி நன்றாகச் செய்யப்பட்டன. மூச்சுத் திணறும் குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட முடிந்தது. உடல் சிவந்தது, மூச்சு சீரானது; நன்மை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளின் கண்ணில், விழித்திரையில் இரத்தக்குழாய்கள் வளர்ந்து முடிந்திருக்காது. ஆக்சிஜன் மிகும்போது அந்த வளர்ச்சி நின்றுபோகும். பிறகு தாறுமாறாகக் கிளைத்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள் என்பது மதிப்பீடு. காரணமாக விதவிதமானவை சந்தேகிக்கப்பட்டன. 1953இல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து, 1,500 கிராமும் அதற்குக் குறைவுமான குழந்தைகளில் சிலருக்கு வழக்கம்போலத் தாராள ஆக்சிஜனும், மற்றவர்களுக்குத் தேவைப்பட்டபோது மட்டும் அளவான ஆக்சிஜனும் கொடுத்து ஒப்பிட்ட பிறகுதான் காரணம் ஆக்சிஜன் என்பது ஐயமற உறுதியானது.

கதை அங்கே முடியவில்லை. அந்த ஒப்பாய்வில் குழந்தைகளைப் பிறந்து 48 மணி நேரம் கழித்தே சேர்த்தார்கள். குறைமாதக் குழந்தைகளின் சாவுகளில் பெரும்பகுதி நிகழும் முதல் இரண்டு நாள் கணக்கிலேயே வரவில்லை. ‘ஆக்சிஜனைக் குறைத்தால் சாவு கூடவில்லை’ என்று முடிவு வந்தது. அதை நம்பி எல்லோரும் முதல் மணியிலிருந்தே இறுக்கிப் பிடித்தார்கள். கண் தப்பியது, ஆனால் மூச்சுத் திணறி இறந்த குழந்தைகள் கூடினார்கள். எப்போது சேர்க்கிறோம் என்ற ஒரு விதியில் நேர்ந்த ஓட்டை அது. சரியான அளவைத் தேட மீண்டும் அரை நூற்றாண்டு போயிற்று. 28 வாரத்துக்கு முன் பிறந்த கிட்டத்தட்ட 5,000 குழந்தைகளை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஒப்பாய்வுகள், இரத்த ஆக்சிஜன் செறிவை 85–89 விழுக்காட்டில் வைத்திருப்பதையும் 91–95 விழுக்காட்டில் வைத்திருப்பதையும் எதிரெதிரே நிறுத்தின. குறைந்த அளவில் கண் பாதிப்பு குறைவு, சாவு அதிகம். இன்று குறைமாதக் குழந்தைகள் பிரிவில் கருவியின் எச்சரிக்கை மணியை 90க்கும் 95க்கும் ஒட்டி வைப்பதன் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

இனி இந்தத் துறையின் மற்றச் சொற்கள். இவற்றில்தான் தமிழாக்கம் பெரிதாகக் கால் தடுக்கி விழுந்திருக்கிறது.

‘ரேண்டம்’ என்பதைச் ‘சீரற்ற’ என்று பெயர்த்து, ‘சீரற்ற ஆய்வு’ என்று அச்சிடுகிறார்கள். ஒழுங்கில்லாமல் நடத்திய ஆய்வு என்றுதான் அது ஒலிக்கிறது. பாடநூல்களின் புள்ளியியல் பகுதியில் நெடுநாளாகவே நல்ல சொல் ஒன்று இருக்கிறது: சமவாய்ப்பு. எந்தக் குழந்தை எந்தக் குழுவுக்குப் போகிறது என்பதை டாக்டரும் பெற்றோரும் முடிவு செய்வதில்லை. கணினி குலுக்கிப் போட்ட சீட்டு முடிவு செய்கிறது. காரணம் எளிது. டாக்டரிடம் விட்டால், தேறிவரும் குழந்தைக்குப் புது மருந்தும் மோசமானதற்குப் பழையதும் (சில சமயம் நேர்மாறாகவும்) தெரியாமலே ஒதுக்கிவிடுவார். பிறகு வரும் வித்தியாசம் மருந்தாலா, குழந்தையின் நிலையாலா என்று பிரிக்க முடியாது. சீட்டை உறையிலிட்டு மூடிவைப்பதும் இதற்கே. அடுத்த சீட்டு எது என்று முன்கூட்டித் தெரிந்தால், குழந்தையைச் சேர்க்கும் நேரத்தை நாலு மணி தள்ளிப்போட்டுக்கூட ஏமாற்ற முடியும்.

‘கண்ட்ரோல்’ என்றால் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று எழுதுகிறார்கள். யாரையும் யாரும் கட்டுப்படுத்தவில்லை. இடைக்காலத்தில் கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த இரண்டாவது ஏட்டுச் சுருளின் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஒரு கணக்கை மற்றொன்றோடு வைத்துப் பார்ப்பதுதான் மூலப்பொருள். ‘ஒப்பீட்டுக் குழு’ என்றால் அப்படியே வந்துவிடுகிறது.

‘பிளாசிபோ’வுக்குப் ‘போலி மருந்து’ என்பது எல்லாவற்றையும்விட ஆபத்தான பெயர்ப்பு. போலி மருந்து என்றால் கள்ளத்தனமாகத் தயாரித்து விற்பது; அதைச் செய்பவர் சிறைக்குப் போகிறார். பிளாசிபோ, ‘மனம் மகிழச் செய்வேன்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல். பார்வைக்கும் சுவைக்கும் உண்மை மருந்து போலவே இருக்கும். உள்ளே மருந்து இராது. ‘வெற்று மாத்திரை’, ‘வெற்று ஊசி’ என்று நேரே சொல்லலாம். 1954இல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசியை ஏறத்தாழ 18 லட்சம் பிள்ளைகளை உட்படுத்தி ஆராய்ந்தபோது, ஒரு பகுதியினருக்கு வெற்று ஊசியே போடப்பட்டது. எந்தக் குப்பியில் எது என்பது டாக்டருக்கும் தெரியாது. குறியீட்டு எண் மட்டும்தான். இதை ‘இருபுறக் குருட்டு ஆய்வு’ என்பதைவிட ‘இருபுற மறைப்பு’ என்பது மேல். ஏற்கெனவே பயனுள்ள சிகிச்சை இருக்கும் கடுமையான நோயில், அதைத் தராமல் வெற்று மாத்திரை மட்டும் கொடுப்பதை நெறிமுறைகள் ஏற்பதில்லை. பழைய சிகிச்சையோடுதான் புதியதை ஒப்பிட வேண்டும்.

பெரியவர்களிடம் பார்த்துவிட்டு, எடைக்கு ஏற்பக் குறைத்துக் கொடுத்தால் போதாதா என்பது நியாயமான கேள்வி. போதாது. குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பெரியவரின் கல்லீரல் ஒரு நொதியின் உதவியால் நீரில் கரையும் பொருளாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. பிறந்த குழந்தையின் கல்லீரலில் அந்த நொதி போதிய அளவில் ஊறியிருக்காது. சிறுநீரகமும் முழுதாகத் தேறியிருக்காது. மருந்து உடலிலேயே சேர்ந்துகொண்டு போகும். மூன்று நாலு நாளில் வயிறு உப்பி, தோல் சாம்பல் நிறமாகி, இரத்த அழுத்தம் விழுந்து குழந்தை இறந்தும் போகலாம். 1959இல் வெளியான ஒப்பாய்வு ஒன்றில், தொற்று வராமல் தடுக்கத்தான் இந்த மருந்தைக் கொடுத்தார்கள். கொடுத்த குழுக்களில் சாவு, கொடுக்காத குழுக்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் அந்தச் சாவுகளும் தொற்றின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும்.

வெகுநாள் வழக்கத்தை உடைத்த இன்னொன்று, கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் நடந்து 2011இல் வெளியானது. கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றிவரும் குழந்தைக்கு நரம்பு வழியே வேகமாக நீர் ஏற்றுவது பாடநூல் மருத்துவம். 3,141 குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஒரு கிலோ எடைக்கு 20 முதல் 40 மில்லி வரை வேகமாக ஏற்றினார்கள்; மீதிப் பேருக்கு அன்றாடத் தேவைக்கான நீர் மட்டும். 48 மணி நேரத்துக்குள், வேகமாக ஏற்றியவர்களில் நூற்றுக்கு 10.5க்குச் சற்று மேல் இறந்தார்கள்; மற்றவர்களில் 7.3. இடையில் கணக்கைப் பார்த்த கண்காணிப்புக் குழு, மேற்கொண்டு யாரையும் சேர்க்க வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகளை இதில் சேர்க்கவே இல்லை. ஆகவே அவர்களுக்கு நீர் ஏற்றக் கூடாது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்ற பத்தியைப் படிக்காமல் எந்த ஒப்பாய்வின் முடிவையும் எடுத்தாளக் கூடாது.

எத்தனை பேர் போதும்? 1,000 குழந்தைகளிடம் ஒரு பக்கவிளைவும் தென்படவில்லை என்றால், அது அறவே இல்லை என்று பொருளில்லை. 1,000க்கு 3 வரை இருக்கக்கூடும் என்பதே புள்ளியியல் கணக்கு. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டாவைரஸுக்கு எதிரான முதல் தடுப்பூசி 1999இல் திரும்பப் பெறப்பட்டது. ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒருவருக்குக் குடல் குடலுக்குள் செருகிக்கொண்டது. அத்தனை அரிதான தீங்கு முந்தைய ஆய்வுகளின் அளவுக்குள் உறுதியாகச் சிக்கவில்லை. அடுத்து வந்த இரண்டு தடுப்பூசிகளும் ஒவ்வொன்றும் 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பார்க்கப்பட்டதற்குக் காரணம் அந்த ஒன்றுதான்.

இரத்தம் எடுப்பதற்கும் வரம்பு உண்டு. குழந்தையின் உடலில் ஒரு கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி இரத்தம்தான். ஆய்வுக்கென்று ஒரே தடவையில் அதில் 1 விழுக்காட்டையும், நாலு வாரத்தில் 3 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய நெறிமுறை. 3 கிலோ குழந்தையிடம் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2.4 மில்லி, அரைத் தேக்கரண்டி. படிவத்தில் ‘சிறிதளவு’ என்றிருந்தால் எத்தனை மில்லி என்று கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு சொல் இணை. பெற்றோர் தருவது ‘கன்சென்ட்’. விவரம் தெரிந்த பிள்ளை தானே தருவது ‘அசென்ட்’. இரண்டையும் ‘சம்மதம்’ என்று எழுதினால் வேறுபாடு போய்விடும். பெற்றோருடையதை ஒப்புதல் என்றும், பிள்ளையுடையதை இசைவு என்றும் பிரிக்கலாம். ஒப்புதலுக்குச் சட்ட வலு உண்டு. இசைவுக்கு அது இல்லாவிட்டாலும், ஏறத்தாழ ஏழு வயதிலிருந்து அதைக் கேட்க வேண்டும் என்று பல நெறிமுறைகள் சொல்கின்றன. சும்மா இருப்பது இசைவாகாது. தலையசைத்தோ வாய்விட்டோ பிள்ளை சொல்ல வேண்டும். இசைவுத் தாள் பிள்ளையின் மொழியிலேயே இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்:

“உன் நோய்க்கு இரண்டு மருந்து இருக்கிறது. எது நல்லது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. உனக்கு எது கிடைக்கும் என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம். இரண்டு தடவை ஊசி குத்தி இரத்தம் எடுப்போம், கொஞ்சம் வலிக்கும். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம், நடுவிலும் சொல்லலாம். சொன்னால் யாரும் கோபிக்க மாட்டோம். உன் வைத்தியம் எப்போதும்போல நடக்கும்.”