ஜப்தி: அக்பர் அளந்ததும் அமீனா எடுத்ததும்

விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தராததால் அரசுப் பேருந்து ஜப்தி. பேப்பர் படிக்கிற எவருக்கும் பழகிப்போன செய்தி இது. நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்துக்கு வருவார்கள், பயணிகளை இறக்கிவிடுவார்கள், வண்டி நீதிமன்ற வளாகத்தில் போய் நிற்கும். இந்தக் காட்சியோடு குரூப் தேர்வுக்கு இடைக்கால வரலாறு படிக்க உட்கார்ந்தால், 'அக்பர் காலத்து ஜப்தி முறை' என்ற வரியில் கால் இடறும். நானும் முதலில், வரி கட்டாத குடியானவனின் நிலத்தை அக்பர் பிடுங்கிக்கொண்டார் போலிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடுத்த வரியிலேயே அக்பரின் வருவாய் அமைச்சர் தோடர்மால், மூங்கில் அளவுகோல், பத்தாண்டுச் சராசரி என்று வந்தது. பிடுங்குகிறவனுக்கு அளவுகோல் எதற்கு?

சொல்லின் வேர் அரபு. ள-ப-த என்ற மூன்று மெய்கள் சேர்ந்த வேர் அது. இறுகப் பிடித்தல், கட்டுக்குள் வைத்தல், ஒழுங்குபடுத்துதல் என்பன அதன் பொருள். இன்றைய அரபியில் ராணுவ, காவல் அதிகாரியைக் குறிக்கும் சொல் இதே வேரில் பிறந்தது. துருக்கியில் நகராட்சிக் காவலருக்கு 'ஸாபிதா' என்று பெயர். ஆக, பறித்தல் என்பது இந்த வேரின் ஒரு கிளைதான்; அடிமரம் 'பிடிக்குள் கொண்டுவருதல்'.

முதல் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். அரபியில் 'ளாத்' என்றொரு எழுத்து உண்டு. பாரசீகத்துக்கு வந்ததும் அது ஆங்கில z போல ஒலித்தது (இங்கே அதை ஸகரத்தால் எழுதுகிறேன்); அந்த ஒலி தமிழில் இல்லாததால் நாம் ஜகரமாக்கிக்கொண்டோம். ரமலான் என்றும் ரம்ஜான் என்றும் ஒரே மாதத்துக்கு இரண்டு பெயர் வழங்குகிறதே, காரணம் இந்த எழுத்துதான். அரபு ஒலிப்பை ஒட்டி எழுதினால் ரமலான், பாரசீகம், உருது வழியாக வந்தால் ரம்ஜான். ஜில்லா, ஜாமீன் இரண்டும் அரபியில் இதே எழுத்தில் தொடங்குபவை. காஜியின் ஜகரமும் அதுவே. எல்லாம் கச்சேரி, அதாவது அரசு அலுவலகச் சொற்கள் என்பதைக் கவனியுங்கள். ஜப்தியும் அதே பாதையில், பாரசீகம் பேசிய நிர்வாகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான்.

சரி, முகலாயர் இதை எந்தப் பொருளில் ஆண்டார்கள்? வருவாய்த் துறையில் 'ஸப்த்' (நம் ஜப்தி) என்றால் நிலத்தை அளந்து, அந்த அளவின்மேல் வரியை நிர்ணயிப்பது. விளைச்சலைக் களத்தில் குவித்துப் பங்கு போடாமல், விதைத்த பரப்பை அளந்து, பயிருக்கு இவ்வளவு என்று முன்பே வகுத்த வீதத்தால் பெருக்கிவிடுவார்கள். அக்பருக்கு முன் டெல்லியை ஆண்ட ஷேர்ஷா ஏற்கெனவே அளவையும், பயிர்வாரி வீதப்பட்டியலும், பட்டா, கபூலியத் என்ற ஆவணங்களும் கொண்டுவந்திருந்தார். அக்பர் காலத்தில் அது முழு வடிவம் பெற்றது.

அளப்பதில்தான் முதல் சிக்கல். முன்பு சணல் கயிற்றால் அளந்தார்கள். கயிறு நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நீளும். சுருங்கிய கயிற்றால் அளந்தால் அதே வயல் காகிதத்தில் பெரிதாகிவிடும், வரியும் கூடும். பனிக்காலக் காலையில் அளக்க வந்த ஆளைக் குடியானவன் என்னவென்று நினைத்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதிலாக மூங்கில் துண்டுகளை இரும்பு வளையங்களால் கோத்த 'ஜரீப்' வந்தது. 41 விரற்கடை கொண்ட இலாஹி கஜம் அளவையானது. 60-க்கு 60 கஜம், அதாவது 3600 சதுர கஜம், ஒரு பிகா.

அப்புறம் நிலத்தைப் பகுத்தார்கள். ஆண்டுதோறும் பயிராவது போலஜ்; சத்து மீளக் கொஞ்ச காலம் தரிசாக விடுவது பரௌதி; மூன்று நான்கு ஆண்டு கிடந்தது சச்சார்; ஐந்தாண்டோ அதற்கு மேலோ கிடந்தது பஞ்சர். முதல் இரண்டு வகையிலும் நல்லது, நடுத்தரம், மட்டம் என்று மூன்று தரம் பார்த்து, மூன்றின் சராசரி விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு. அதைப் பணமாக மாற்றுவதற்குத்தான் 1580-இல் 'தஹ்சாலா' வந்தது. தஹ் என்றால் பத்து, சால் என்றால் ஆண்டு. ஆண்டுக்காண்டு விலை கேட்டு அரண்மனைக்கு ஆளனுப்பிக்கொண்டிருக்காமல், பத்தாண்டு விவரத்தின் சராசரியை வைத்து வட்டாரத்துக்கு ஒரு ரொக்க வீதம். வீதத்தைப் பத்து ஆண்டுக்கு மாற்றாமல் பூட்டி வைத்தார்கள் என்று சிலர் தவறாகப் படித்துவிடுகிறார்கள். பத்து என்பது சராசரி எடுத்த ஆண்டுகளின் கணக்கு.

அளவைக்குழுவின் செலவுக்குப் பிகாவுக்கு ஒரு தாம் (செப்புக் காசு) தனியாக வாங்கினார்கள். 40 தாம் ஒரு ரூபாய். அந்தக் கட்டணத்தின் பெயர் 'ஸாபிதானா'. காதில் ஏதோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மளிகை ஜாபிதா, சாமான் ஜாபிதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஜாபிதாவும் இதே வேர். ஒழுங்குபடுத்தி எழுதி வைத்தது என்பதிலிருந்து பட்டியல் என்ற பொருள் வந்தது. ஜப்தியும் ஜாபிதாவும் உடன்பிறப்புகள். ஒன்று சமையலறைக்குப் போனது, ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது.

தமிழில் அளவைப் பொருள் தங்காததற்குக் காரணம் தேட அதிக தூரம் போகவேண்டாம். ஜப்தி முறை லாகூரிலிருந்து அலகாபாத் வரையிலான சமவெளியிலும், மாளவம், குஜராத் பகுதிகளிலும் நடந்தது. தமிழ்நாட்டு வயலில் தோடர்மாலின் ஜரீப் விழவில்லை. ஆனால் 'ஸப்த்' என்ற சொல்லுக்கு முகலாய நிர்வாகத்திலேயே இன்னொரு பொருளும் இருந்தது: அரசுக்குப் பாக்கி வைத்து இறந்த பிரபுவின் சொத்தை எடுத்துக்கொள்வது. ஆற்காடு நவாப் ஆட்சியிலும், பின்பு கிழக்கிந்தியக் கும்பினியார் கச்சேரிகளிலும் நம்மவர்கள் சந்தித்தது இந்த இரண்டாவது முகத்தைத்தான். வசூல், பாக்கி, தாசில் எல்லாம் அதே கூட்டத்தில் வந்தவை.

கூடவே வந்த அமீனாவையும் சொல்லவேண்டும். ஜப்தி செய்ய வாசலில் வந்து நிற்கும் நீதிமன்ற ஊழியர்தான் அமீனா. முகலாய வருவாய்த் துறையில் அமீன் என்பவர் வரியை மதிப்பிடும் அதிகாரி. அரபியில் அந்தச் சொல்லுக்கு நம்பிக்கைக்குரியவர் என்று பொருள். கடன்காரன் வீட்டில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்!

தமிழில் என்ன சொல்வது? நீதிமன்ற ஜப்திக்குச் சட்டத்தமிழில் 'பற்றுகை' என்ற நல்ல சொல் இருக்கிறது. பிடித்தல் என்ற அரபு வேரின் பொருளுக்கும் அது அச்சாகப் பொருந்துகிறது. செய்தித்தாள்கள் சில நேரம் 'பறிமுதல்' என்று எழுதுகின்றன. அது சரியில்லை என்பேன். பறிமுதல் செய்த பொருள் போனது போனதுதான். பற்றுகையில் உள்ள பேருந்து, பணத்தைக் கட்டினால் மறுபடி ஓடும்.

அக்பரின் ஜப்திக்குப் பற்றுகையும் ஆகாது, பறிமுதலும் ஆகாது. 'நில அளவை வரிமுறை' என்பது பொருந்தும். வெறும் 'நில வரி' என்றால் பாதிதான் வரும்; அளவை என்ற சொல் விடுபடக் கூடாது. நமக்கு இது புதிய எண்ணமும் இல்லை. தோடர்மாலுக்கு ஏறக்குறைய 580 ஆண்டுகளுக்கு முன், 1001-இல், முதலாம் ராஜராஜன் சோழநாட்டை அளக்கத் தொடங்கினான். முதலாம் குலோத்துங்கன் 1086-இல் மறுபடி அளந்தான். உலகளந்த கோல், நிலத்தின் தரம், காணிக்கடன் (நிலவரி), புரவுவரித் திணைக்களம் (வரித்துறை) என்று அந்த வேலைக்கு வேண்டிய சொல்லெல்லாம் கல்வெட்டிலேயே கிடக்கின்றன. அதற்காக விடைத்தாளில் அக்பர் காணிக்கடன் வாங்கினார் என்று எழுதிவிடாதீர்கள். 'ஜப்தி எனும் நில அளவை வரிமுறை' என்று எழுதினால் திருத்துகிறவருக்கும் குழப்பமில்லை.

கொள்குறி வினாவில் ஜப்திக்குப் பக்கத்தில் வழக்கமாக வந்து உட்காரும் மூன்று பெயர்கள் உண்டு. பட்டாய் என்பது விளைந்ததைப் பங்கிடுவது, நம் ஊர் 'வாரம்' அது. கங்குத் என்பது நிற்கும் பயிரைப் பார்த்து மதிப்பிடுவது, 'கண்மதிப்பு' என்றால் போதும். நசக் என்பது பழைய கணக்கை வைத்து ஊருக்கு ஒட்டுமொத்தமாகக் குத்துமதிப்பாக விதிப்பது. வங்காளத்தில் நடந்தது இந்த நசக். அங்கே ஜப்தி என்று விடை இருந்தால் அதைத் தொடவேண்டாம்.