அரிவாள் செல் பரிசோதனையும் ஆய்வுக்குத் தரும் இரத்தமும்: நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்களுக்கான விளக்கம்

கூடலூர், பந்தலூர் வட்டங்களிலும் கோத்தகிரிச் சரிவுகளிலும் உள்ள பழங்குடிக் குடியிருப்புகளில் எடுக்கப்படும் இரத்தம் இரண்டு வெவ்வேறு காரியங்களுக்குப் பயன்படக்கூடும். முதலாவது, அரிவாள் செல் நோய் (பரம்பரையாக வரும் ஓர் இரத்த நோய்) உள்ளதா என்று கண்டறிந்து சிகிச்சை தருவதற்கான அரசுத் திட்டம். இரண்டாவது, அதே இரத்தத்தில் உள்ள புரதங்களை நிறைமாலைமானி (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) போன்ற கருவிகளில் ஆராயும் மருத்துவ ஆய்வு. இவ்விரண்டுக்கும் விதிகள் வேறு; ஒன்றுக்குத் தந்த சம்மதம் மற்றொன்றுக்குச் செல்லாது.

முதலில் திட்டம். தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. நோய் அதிகம் காணப்படும் 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில், பிறந்த குழந்தை முதல் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047க்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றுவதும் இதன் இலக்குகள். அந்த 17இல் தமிழ்நாடும் ஒன்று. நீலகிரிக்கு இதில் தனியான ஒரு தொடர்பும் உண்டு: இந்தியாவில் அரிவாள் செல் கூறு, அதாவது இந்நோய்க்கான மரபு மாற்றம், இருப்பதை முதன்முதலில் வெளியிட்ட ஆய்வுகளுள் ஒன்று, 1952இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் இந்த மலையின் மக்களிடையே செய்ததாகும். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்து இரத்தம் ஆய்வுக்குச் சென்றது. சிகிச்சை அதே வேகத்தில் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்நோய் ஒட்டுவதன்று; பெற்றோர் வழியாக மட்டுமே வருவது. இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில், 146 அமினோ அமிலங்கள் கோத்த பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமர்ந்துவிடுகிறது. அதனால் ஆக்சிஜன் குறையும்போது அணுக்கள் அரிவாள் போல வளைந்து, சிறு இரத்தக் குழாய்களில் சிக்கி, கடும் வலியை உண்டாக்குகின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்கூறு வந்தால் நோய்; ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கூறுதாங்கி, அதாவது கேரியர், பெரும்பாலும் நலமாகவே வாழ்பவர். கேரியர்கள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. திருமணத்துக்கு முன்பே பரிசோதித்துக்கொள்ளுமாறு சுகாதாரத் துறை கேட்பது இதனால்தான்; மணம் செய்யக் கூடாது என்ற தடை ஏதும் சட்டத்தில் இல்லை.

முகாமில் பொதுவாக முதலில் செய்யப்படுவது, இரத்தத்தை ஒரு கரைசலில் கலந்து பார்க்கும் கரைதிறன் சோதனை. கரைசல் கலங்கினால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். ஆனால் அவர் நோயாளியா, கேரியரா என்று அது சொல்லாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கருப்பருவ ஹீமோகுளோபினே மிகுந்திருப்பதால் அவர்களுக்கு இச்சோதனை பொருந்தாது. ஆகவே கலங்கிய மாதிரி, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி அல்லது மின்புலப் பிரிப்புச் சோதனைக்குச் செல்ல வேண்டும். அந்த இரண்டாம் முடிவு வராமல் யாரையும் நோயாளி என்று குறிப்பது தவறு. அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கொடையாளரின் அணுக்கள் முடிவை மாற்றிவிடும்.

இவற்றுக்கு அப்பால், ஆய்வுக்கூடங்களில் பயன்படும் நிறைமாலைமானி புரதத்தை எடை போட்டே அடையாளம் காண்கிறது. புரத மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, வெற்றிடத்தில் செலுத்தி, நிறைக்கும் மின்னேற்றத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு ஒவ்வொன்றின் எடையையும் அது கணக்கிடும். பெரிய புரதங்களைச் சிதைக்காமல் இப்படி மின்னேற்றும் வழிகளைக் கண்டதற்காக ஜான் ஃபென், கோய்ச்சி தனாகா ஆகியோர் 2002இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இயல்பான பீட்டா சங்கிலியின் நிறை ஏறத்தாழ 15,867 டால்டன் (மூலக்கூறுகளின் எடையைக் குறிக்கும் அலகு). அரிவாள் வகையில் அது 15,837. சுமார் 16 கிலோ பசுந்தேயிலை மூட்டையில் 30 கிராம் குறைந்தால் எவ்வளவோ அவ்வளவுதான் வேறுபாடு. தேயிலைத் தொழிற்சாலைத் தராசு கண்டுகொள்ளாத இக்குறைவை இக்கருவி தெளிவாகக் காட்டும். கேரியரிடம் இரண்டு எடைகளும் தெரியும். ஹீமோகுளோபின் டி, ஈ போன்ற பிற மாற்றங்களில் வேறுபாடு ஒரே ஒரு டால்டன் என்பதால், அப்போது டிரிப்சின் நொதியால் புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, மாற்றம் உள்ள துண்டைத் தனியே எடை போட வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் சில ஆய்வகங்கள் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்து உலர்த்திய இரத்தப் பொட்டையே இவ்வகையில் சோதிக்கின்றன. ஒரே மரபு மாற்றம் இருந்தும் ஒருவருக்கு நோய் மிதமாகவும் மற்றொருவருக்குக் கடுமையாகவும் இருப்பது ஏன் என்ற கேள்விக்கும் இரத்தப் புரதங்களை அளப்பதன் வழியாக விடை தேடப்படுகிறது.

அப்படிப்பட்ட ஆய்வுக்கு இரத்தம் கேட்கப்படும்போது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் பொருந்தும். ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பழங்குடிப் பகுதிக்குள் செல்ல உரிய அரசு அதிகாரியின் அனுமதியும் வேண்டும். ஊர்த் தலைவர் இசைந்தாலும் அது தனிநபரின் சம்மதத்துக்கு ஈடாகாது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் என எவரிடம் கேட்டாலும் அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும்; எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட சிறாருக்குப் பெற்றோரின் சம்மதத்தோடு அவர்களின் இசைவும் தேவை. மீந்த இரத்தத்தைச் சேமிக்கலாமா, வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்பதைத் தனியே கேட்க வேண்டும். புரதம் மட்டும் ஆராயப்படுமா, மரபணுவும் ஆராயப்படுமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மறுத்தாலும் விலகினாலும் திட்டத்தின் சிகிச்சை நிற்கக் கூடாது.

நோய் உறுதியானவருக்கு, வலித் தாக்குதல்களைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையை மருத்துவர் பரிந்துரைத்தால் அது அரசு மருத்துவமனை வழியாக இலவசமாகக் கிடைக்க வேண்டும். உதகை போல 2,240 மீட்டர் உயரமுள்ள ஊர்களின் குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் தாக்குதலைத் தூண்டக்கூடியவை என்பதால், கம்பளி உடையும் போதிய குடிநீரும் இங்கே மருந்துக்கு நிகரானவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயையும் இயலாமை வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. கேரியர்களுக்கு இது பொருந்தாது. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றளிக்கப்பட்டவர், உயர்கல்வி ஒதுக்கீடு உள்ளிட்ட சலுகைகளைக் கோரலாம். இதற்கு விண்ணப்பிக்கும்போது உறுதிச் சோதனையின் முடிவுத் தாளே முதல் ஆவணமாகக் கேட்கப்படும் என்பதால், முகாமில் தரும் பரிசோதனை அட்டையை மட்டும் பெற்றுக்கொண்டு திரும்பாமல் அத்தாளின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும்.