பழைய வீட்டுப் பாத்ரூம்: ஒழுகல் தொடங்கும் இடம்

எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் முதல் செய்தி பெரும்பாலும் ஒரு டைல்ஸ் படமாகத்தான் இருக்கும். "அண்ணே, இந்த மாதிரி பாத்ரூம் வேணும், எவ்வளவு ஆகும்?" சாம்பல் நிறத்தில் பெரிய டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, மேலிருந்து தட்டு மாதிரி தொங்கும் ஷவர். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: வீடு எந்த வருஷம் கட்டினது? 1970களிலோ 80களின் தொடக்கத்திலோ என்று பதில் வந்தால் போனில் விலை சொல்ல மாட்டேன், நேரில் வந்து பார்க்கிறேன் என்பேன். சிலருக்கு அது பிடிக்காது, வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். பரவாயில்லை.

இந்தத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. செந்தூல், செத்தாபாக், செகாம்புட், பழைய கிள்ளான் சாலை என்று கோலாலம்பூரின் பழைய தாமான்களில்தான் (குடியிருப்புப் பகுதிகளில்தான்) என் வேலை பெரும்பாலும். புதுப்பித்த பாத்ரூமில் ஒழுகுகிறது என்று கூப்பிடுவார்கள், போய் உடைத்துப் பார்ப்போம். பழைய பைப்பின் நடுவில் ஓட்டை விழுந்திருப்பது குறைவு. புது பைப்பின் நடுவில் இன்னும் குறைவு. பழையதும் புதியதும் கை கோத்த இடத்தில்தான் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். நான் இங்கே சொல்ல வருவது முழுக்க அந்த இடத்தைப் பற்றித்தான்.

செத்தாபாக்கில் ஓர் ஒற்றை மாடி டெரஸ் வீடு, அதாவது பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. அந்த வீட்டுப் பாட்டிக்கு எழுபத்தைந்து வயது இருக்கும், மகன்தான் ரெனோவேஷன் செய்கிறார். ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, காலையில் முதல் வாளி மட்டும் தேநீர் நிறத்தில் இருக்கிறது என்றார்கள். சுவரை உடைத்து அரை இஞ்சு ஜிஐ இரும்பு பைப்பை வெளியே எடுத்தோம். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, சிமெண்டு ஒட்டிய இரும்பு, அவ்வளவுதான். முழங்கை வளைவைக் கிரைண்டரால் நீளவாக்கில் பிளந்து பாட்டியின் கையில் கொடுத்தேன். உள்ளே கறையான் புற்று மாதிரி துரு மேடு மேடாக எழும்பி நடுவில் ஒரு பென்சில் கூட நுழையாத ஓட்டைதான் மிச்சம். பாட்டி விரலால் சுரண்டிப் பார்த்தார், சிவப்புச் சேறு விரலில் ஒட்டியது. "இதுல வந்த தண்ணியையா தம்பி இத்தனை வருஷமா வாய் கொப்பளிச்சோம்?" என்றார். நான் என்ன சொல்வது.

ஜிஐ என்பது துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்பு. அந்தப் பூச்சு இருக்கும்வரை பைப் நன்றாகவே இருக்கும். பூச்சு முதலில் போவது மரை வெட்டிய இடத்தில், ஏனென்றால் மரை வெட்டும்போதே அங்கே பூச்சும் சேர்ந்து சீவப்பட்டுவிடுகிறது, இரும்பும் மெலிந்துவிடுகிறது. அதாவது ஒவ்வொரு இணைப்பும் பிறக்கும்போதே பலவீனம். சரி, இப்போது ஒரு குத்தகைக்காரர் வந்து, பைப் முழுதும் மாற்றினால் செலவு அதிகம், ஷவர் பக்கம் மட்டும் பிபிஆர் என்ற பிளாஸ்டிக் பைப் போட்டுவிடலாம் என்கிறார். பிபிஆரின் முனையில் இருக்கும் பித்தளை மரையைப் பழைய ஜிஐ முனையில் வைத்து ரெஞ்சால் முறுக்குகிறார்கள். இதில் இரண்டு தப்பு நடக்கிறது. பித்தளையும் இரும்பும் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இரும்புப் பக்கம் சீக்கிரம் அரிக்கும். அதைவிட மோசமானது, இங்கே முறுக்கும் வேகத்தில் சுவருக்குள் இரண்டு அடி தள்ளி, கண்ணுக்குத் தெரியாத அடுத்த முழங்கையும் ஒரு மயிரிழை திரும்பிவிடும். நாற்பது வருஷமாகத் துருவே அடைத்து வைத்திருந்த மரை அது. அன்றைக்கு ஒழுகாது. மெதுவாக, டைல்ஸ் எல்லாம் ஒட்டி, வீட்டார் குடிபுகுந்த பிறகுதான் தொடங்கும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, நானே செய்த தப்பு. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம், செராஸில் ஒரு வீடு. நேரமில்லை, சீக்கிரம் முடி என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்த, சுவருக்குள் ஓர் அடி ஜிஐயை அப்படியே விட்டுவிட்டு அதில் புது பைப்பைக் கோத்தேன். ஐந்து மாதம் கழித்து பக்கத்து படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்தது. புது டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று, அதே நிறம் கடையில் தீர்ந்துபோயிருந்தது. அந்தச் சுவரில் ஆறு டைல்ஸ் மட்டும் வேறு நிறத்தில் இன்னமும் இருக்கும். என் கைக்காசில் செய்து கொடுத்தேன். (டைல்ஸ் வாங்கும்போது இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி ஸ்டோரில் வையுங்கள். அதே எண் இருந்தாலும் அடுத்த லாட்டில் நிறம் மாறும்.)

அதனால் என் கொள்கை இதுதான். சுவரை உடைத்தாயிற்றா, பாத்ரூமுக்கு வரும் தண்ணீர்க் குழாயைக் கூரைக்கு மேலிருக்கும் தொட்டியின் வாய்வரை மாற்று. பாதியில் நிற்காதே. கூரை உள்ளே பைப் ஓட்டுவது சுவரை உடைப்பது மாதிரி கஷ்டமில்லை, பைப்பின் விலையும் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்தக் கறுப்பு நிற ஷவர் செட்டை விடக் குறைவாகத்தான் இருக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கேட் வால்வையும் கழற்றிவிட்டு பால் வால்வு (உள்ளே உருண்டை வைத்த ball valve) போடச் சொல்லுங்கள். பழைய வால்வு பாதி மூடியதும் இறுகிக்கொள்ளும், நீங்கள் திருகினால் கைப்பிடி மட்டும் சுற்றும், அவசரத்துக்கு உதவாது.

அந்தத் தட்டு ஷவருக்கு வருவோம். தொட்டிக்கும் ஷவருக்கும் ஒரு மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார்தான். டெரஸ் வீட்டில் நமக்குக் கிடைப்பது ஒன்றரை, இரண்டு மீட்டர். தட்டு ஷவருக்கு இது போதாது, சொட்டும், அவ்வளவுதான். உடனே எல்லோரும் பம்ப் வாங்குகிறார்கள். வாங்கலாம், ஆனால் பம்ப் தொட்டிக்குப் பிறகுதான் வர வேண்டும், தண்ணீர் மீட்டர் பக்கம் வரும் பெரிய குழாயில் நேராக மாட்டக் கூடாது. அது சட்டப்படி தப்பு, அதோடு தெருக் குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் அழுக்குத் தண்ணீரையும் உங்கள் வீட்டுக்குள் உறிஞ்சிவிடும். அப்புறம், 0.2 பாரில் சும்மா படுத்துக் கிடந்த பழைய பைப்பில் திடீரென்று 2 பார் அழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும்? பாத்ரூமை மட்டும் மாற்றிவிட்டு, அதே லைனில் சமையலறைக்கோ பின் பாத்ரூமுக்கோ பழைய ஜிஐ போய்க்கொண்டிருந்தால் பம்ப் அங்கே வேலையைக் காட்டும். பம்ப் பாத்ரூமுக்கு மட்டும் தனி லைனில் இருக்கட்டும்.

குந்தும் டாய்லெட்டை எடுத்துவிட்டு உட்காரும் டாய்லெட் வைப்பதுதான் இன்றைக்கு அதிகம் வரும் வேலை, வீட்டில் வயதானவர்கள் முட்டி வலியோடு இருக்கிறார்கள். பழைய குந்தும் டாய்லெட்டுக்குக் கீழே தரைக்குள் ஒரு வளைவு உண்டு, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும், நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். உட்காரும் டாய்லெட்டில் அந்த வளைவு பீங்கானுக்குள்ளேயே வந்துவிடுகிறது. படியை மட்டும் உடைத்து, கீழே இருக்கும் பழைய வளைவை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை உட்கார வைத்துவிடுகிறார்கள் சிலர். இரண்டு தண்ணீர் வளைவுக்கு நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். புது டாய்லெட், நல்ல பிராண்ட், ஆனால் இரண்டு தடவை ஃப்ளஷ் செய்தாலும் போகாது. வீட்டுக்காரர் பிராண்டைத் திட்டுவார். பாவம் அந்த பிராண்ட்.

சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடுப்புள்ளி வரை அளவெடுக்காமல் டாய்லெட் வாங்காதீர்கள். அதுவும் புது டைல்ஸ் ஒட்டிய பிறகு எவ்வளவு வரும் என்று பார்க்க வேண்டும், பழைய டைல்ஸின் மேலேயே ஒட்டினால் ஓர் இஞ்சு வரை அங்கேயே போய்விடும். டாய்லெட்டை வேறு மூலைக்கு மாற்ற நினைத்தால் கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும், 60க்கு 1 என்று வைத்தால் ஒன்றரை மீட்டர் தள்ளுவதற்கு 25 மில்லிமீட்டர் இறக்கம். கேட்க சின்னதாக இருக்கும், ஆனால் நாலு இஞ்சுக் குழாயும் அந்த இறக்கமும் தரைக்குள் அடங்க வேண்டுமே. தரையை உயர்த்துவார்கள், கதவுப் பக்கம் படி வரும், பாட்டி அதில் தடுக்கி விழுவார். டாய்லெட் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி.

பழைய கழிவுக் குழாய் வார்ப்பிரும்பாகவோ சுட்ட களிமண்ணாகவோ இருக்கும். புது யுபிவிசி பிளாஸ்டிக் குழாயின் வெளி அளவும் அதுவும் ஒன்றாக இருக்காது. இடைவெளியில் சிமெண்டு அப்பி மூடுவது இங்கே வழக்கம், அது சில வருஷத்தில் வெடிக்கும். இருபக்கமும் எஃகுக் கவ்வி போட்ட ரப்பர் இணைப்பு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். களிமண் குழாய் என்றால் பின் சந்தில் மரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேர் இணைப்பைத் தேடிப் போகும்.

இனி தரை. ஃப்ளோர் டிராப்பின் (தரையில் தண்ணீர் வடியும் வாயின்) கழுத்து, அதாவது குழாய் கான்கிரீட்டுக்குள் இறங்கும் அந்த வட்டம், இதைப் போல ஏமாற்றும் இடம் வேறு இல்லை. ஹேக்கிங் மெஷின் தரையை அதிர அதிர உடைக்கும்போது கழுத்தைச் சுற்றி மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழும், பழைய நீர்த்தடுப்புப் பூச்சும் கிழிந்துபோகும். அதைச் சுற்றி ஓர் இஞ்சு அகலத்துக்குத் தோண்டி, சுருங்காத கிரவுட் (சிமெண்டுக் கலவை) ஊற்றி, பிறகு வலைத்துணி வைத்து இரண்டு தடவை பூச்சு அடிக்க வேண்டும். சுவரிலும் ஓர் அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும், ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. காய்ந்ததும் டிராப்பை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். ஒரு கோடு போட்டு வைத்து மறுநாள் பாருங்கள். ஒருநாள் வேலை நிற்கிறதே என்று குத்தகைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பழைய ஃப்ளாட்டுகளில் உங்கள் ஃப்ளோர் டிராப்புக்குக் கீழே வளையும் குழாய் உங்கள் வீட்டில் இல்லை, கீழ்வீட்டுக்காரர் பாத்ரூம் கூரைக்கு மேல் தொங்குகிறது. அதை மாற்ற வேண்டுமானால் அவர் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஒரு நல்ல வார்த்தை பேசி வையுங்கள், தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்திருந்தால் இன்னும் சுலபம். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி, கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால் வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை கோளாறு மேல்வீட்டில் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். புகார் போன 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். அந்த மேல்வீடு நீங்களாக இருந்தால் செலவும் உங்களுடையது.

ஆள் பிடிக்கும்போது ஸ்பான் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். தேசிய நீர்ச் சேவை ஆணையத்தைத்தான் சொல்கிறேன், தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர் அதனிடம் அனுமதி வைத்திருக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம். கேட்டால் கோபப்படுகிறவரைக் கூப்பிடாதீர்கள். வாட்டர் ஹீட்டரின் மின்சார லைனுக்கு 10 மில்லிஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் வேண்டும், அது மின்தொழிலாளி வேலை, குழாய்க்காரர் நானே செய்துவிடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சுவரை மூடும் முன் அழுத்தச் சோதனை. கையால் அடிக்கும் பம்ப் ஒன்று இருக்கிறது, குழாய் முனைகளையெல்லாம் அடைத்துவிட்டு 6 பார் வரை ஏற்றி முள்ளைப் பார்ப்போம். பிபிஆர் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அதனால் முதல் அரைமணியில் முள் லேசாக இறங்கினால் பயப்பட வேண்டாம், மறுபடி ஏற்றுங்கள், அதற்குப் பிறகு நிற்க வேண்டும். நான் ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் பசியாறிவிட்டு வந்து பார்ப்பேன். பிறகு டைல்ஸ்காரர் கை வைக்கும் முன் நான்கு சுவரையும், ஒரு அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவேன்.

போன மாதம் செத்தாபாக் வீட்டு மகன் கூப்பிட்டார். பாட்டி பிடித்து எழுந்திருக்க சுவரில் ஒரு கம்பி மாட்ட வேண்டும், எங்கே துளை போடலாம்? பழைய படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன். ஹீட்டருக்கு நேர் கீழே வேண்டாம், இடது பக்கம் 30 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள் என்றேன். சாயங்காலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டி சிரிக்கும் படம் வந்தது.